ஒரு தவணையின் வலிமை

பழவேற்காடு ஏரியின் தீவுகளிலும் கரைகளிலும் மீனவச் சிற்றூர்கள் பல உள்ளன. ‘பாடு’ என்னும் முறைப்படி தமக்குரிய நாளில் ஆண்கள் வலைவிரிக்கின்றனர். ஏரி நீரில் இறங்கிக் கைகளால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களும் உண்டு. அன்றாட உழைப்பால் வாழும் இவர்களுக்கு மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் வருவாய் இழப்பாகும். அப்பயணங்களைக் குறைக்கும் திசையிலேயே கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வுகள் வளர்ந்துள்ளன.

இந்நோய்க்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ். இதனை நிறுவிய ஜெர்மானிய அறிவியலாளர் ஹெரால்டு சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். பாலுறவு வழியே பரவும் இவ்வைரஸ் பெரும்பாலோர் உடலிலிருந்து தானாகவே நீங்கிவிடும். சிலரிடம் மட்டும் நிலைத்துத் தங்கி, பல ஆண்டுகளுக்குப்பின் புற்றாக மாறும். அந்த நீண்ட இடைவெளியே தடுப்பதற்கான வாய்ப்பு.

அவ்வாய்ப்பைத் திண்டுக்கல் மாவட்ட ஊர்கள் மெய்ப்பித்தன. பயிற்சி பெற்ற செவிலியர், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவிப் பார்த்தனர். மாறுபட்ட திசு சிறிது நேரத்தில் வெண்மையாகத் தெரியும். முடிவுக்காக மீண்டும் வரவேண்டியதில்லை. இச்சோதனை வழங்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் வெளியான ஆய்வு காட்டியது.

தடுப்பூசி ஆய்வு எதிர்பாராத வழியில் பயன் தந்தது. இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என அறிய, பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2009இல் இந்தியாவில் ஓர் ஆய்வைத் தொடங்கியது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதன் மையங்களுள் ஒன்று. வேறொரு தடுப்பூசித் திட்டம் பற்றி எழுந்த சர்ச்சையால் 2010இல் ஊசி போடுதல் நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 5000 சிறுமியர் ஒரு தவணையோடு நின்றனர். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுதோறும் கண்காணித்தனர். வைரஸின் 16, 18 ஆகிய வகைகளின் நிலைத்த தொற்றை ஒரு தவணையே 95 விழுக்காடு தடுத்ததென 2021இல் தெரியவந்தது. இத்தகைய சான்றுகளின் அடிப்படையில், 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்கு ஒரு தவணையும் போதுமென உலக நலவாழ்வு அமைப்பு 2022இல் ஏற்றது. தமிழ்நாடு அரசும் 14 வயதுச் சிறுமியருக்கு இத்தடுப்பூசி வழங்க 2025–26 நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

தொற்று நேரும் முன்னரே போடுவதால்தான் ஊசி முழுப்பயன் தரும். முன்பே நிலைத்துவிட்ட தொற்றை அது நீக்காது. ஆகவே 30 வயதைக் கடந்த பெண்களுக்குப் பரிசோதனையே காப்பு. மகளுக்கு ஊசியும் தாய்க்குச் சோதனையும் ஒரே நாளில் ஊருக்குள்ளேயே கிடைக்குமாயின், ஏரிக்கரை வீடுகள் ஒரு நாள் உழைப்பையும் இழக்கவேண்டியதில்லை. ஓர் உயிரையும் இழக்கவேண்டியதில்லை.