காரில் இசையும் இரைச்சலும்

எஞ்சினை நிறுத்தி வைத்துக் காரில் பாட்டுக் கேட்கிறீர்கள்; தெளிவாக இருக்கிறது. எஞ்சினைக் கிளப்பியதும் பாட்டோடு மெல்லிய ஊளை ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் அதன் சுருதியும் ஏறுகிறது. இது எங்கிருந்து வருகிறது?

பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் ஆல்டர்னேட்டர் மாறுமின்னோட்டத்தை உண்டாக்குகிறது. டயோடுகள் அதை நேர்மின்னோட்டமாக மாற்றினாலும் சிறு ஏற்றஇறக்கம் எஞ்சிவிடும். டாஷ்போர்டிலுள்ள ஸ்டீரியோவிலிருந்து டிக்கியிலுள்ள ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் நீண்ட கம்பியில் இது புகுந்துவிடுகிறது. எர்த் இணைப்பு சரியில்லாவிட்டால் தொல்லை இன்னும் மிகும். ஆகவே முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இப்போது ஒரு கணக்கு. ஸ்டீரியோ தரும் இசை அலை 2 வோல்ட். கம்பியில் புகுந்த இரைச்சல் 10 மில்லிவோல்ட் என்று கொள்வோம். இசை இரைச்சலைப் போல் 200 மடங்கு. இசையை மட்டும் 8 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பினால் அது 800 மடங்காகிவிடும். அதாவது 12 டெசிபல் ஆதாயம். இவ்வாறு உயர்த்தி அனுப்பும் கருவியே 'லைன் டிரைவர்'. இதை ஸ்டீரியோவுக்கு அருகிலேயே பொருத்த வேண்டும். ஆம்ப்ளிஃபயருக்கு அருகில் வைத்தால், வழியில் சேர்ந்த இரைச்சலும் இசையோடு சேர்ந்தே பெருகும், பயனில்லை.

உங்கள் ஆம்ப்ளிஃபயர் 8 வோல்ட்டை ஏற்குமா என்பதையும் பாருங்கள். ஏற்குமானால், அதன் 'கெயின்' திருகைக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைக்கும்போதுதான் இரைச்சலும் அடங்குகிறது.

கெயின் என்பது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. வருகின்ற அலையின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதே அதன் வேலை. அதைச் சரியாக வைக்க ஒரு மல்டிமீட்டர் போதும்.

ஸ்பீக்கர்களைக் கழற்றிவிடுங்கள். பாஸ், டிரெபிள் திருகுகளை நடுவில் வையுங்கள். ஆம்ப்ளிஃபயரின் வடிகட்டிகளை நிறுத்திவிட்டு, கெயினை முழுதும் குறையுங்கள். முழு அளவில் பதிவான 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்டீரியோவின் ஒலியளவை முக்கால் பங்குக்கு உயர்த்துங்கள். ஆம்ப்ளிஃபயரின் திறன் 50 வாட், ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் என்றால், இரண்டையும் பெருக்க 200. அதன் வர்க்கமூலம் 14.1. ஸ்பீக்கர் முனைகளில் மாறுமின்னழுத்தம் 14.1 வோல்ட் காட்டும்வரை கெயினை மெல்லத் திருப்பி, அங்கேயே நிறுத்துங்கள்.

அதற்கு மேல் திருப்பினால் என்ன? ஆம்ப்ளிஃபயரால் தன் எல்லையைத் தாண்ட இயலாது. அலையின் உச்சியும் அடியும் வெட்டுண்டு தட்டையாகின்றன. முழுதும் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்சமுள்ள சைன் அலையைவிட இரு மடங்கு திறனைச் செலுத்தும். அதோடு புதிய உயர் அதிர்வெண்களும் பிறக்கின்றன. அவை உயர் சுருதிக்கான சிறிய ஸ்பீக்கரான டுவீட்டருக்குச் சென்று, அதன் மெல்லிய கம்பிச் சுருளைச் சுட்டெரித்துவிடக்கூடும்.

சிறிய ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு பெரிய ஸ்பீக்கரை எரித்துவிட்டு, 'வாட் போதாது' என்று கடைக்காரரைக் குறை சொல்வோர் உண்டு. குற்றம் பெரும்பாலும் அந்தச் சிறு திருகில்தான் இருக்கும். அடுத்த முறை அதைத் தொடுமுன் மீட்டரைக் கையில் எடுங்கள்.