அறிவியல் படித்தவர்களுக்கு இன்னொரு வழி: காப்புரிமை முகவர் பணி

தைப்பிங் - எஸ்டிபிஎம் தேர்வில் அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றும் மருத்துவப் படிப்பு கிடைக்காமல் போனால், அடுத்து என்ன செய்வது என்று பல பெற்றோர் கலங்கிப் போகிறார்கள். வேதியியல், உயிரியல், பொறியியல் படித்தவர்களுக்கு ஆய்வகமும் பள்ளிக்கூடமும் மட்டுமே வேலையிடங்கள் அல்ல. காப்புரிமை முகவர் என்ற தொழிலும் இருக்கிறது. நம்மவர்களில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

புதிய கண்டுபிடிப்பைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தாமல் காப்பது காப்புரிமை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை அது செல்லும். ஒரு வணிகத்தின் பெயரையும் சின்னத்தையும் காப்பது வணிக முத்திரை. இதற்கு 2019ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளலாம். இரண்டையும் பதிவு செய்வது மைஐபோ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகம்.

இதில் அறிவியலுக்கு என்ன வேலை? கமுண்டிங்கில் ஒரு கையுறை ஆலைப் பொறியாளர், ரப்பர் பாலை 60 பாகை வெப்பத்தில் பதப்படுத்தும் புதிய முறையைக் கண்டுபிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் 60 பாகை என்று மட்டும் எழுதினால், போட்டி நிறுவனம் 65 பாகையில் செய்து தப்பித்துவிடும். எந்த வெப்பத்திலும் என்று எழுதினால், இது பழைய முறைதானே என்று விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். எல்லையை எங்கே போடுவது என்பதை வேதியியல் தெரிந்தவரால்தான் முடிவு செய்ய முடியும்.

மஞ்சள் விவகாரம் இதற்கு நல்ல சான்று. மஞ்சள் தூளால் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் ஆய்விதழ்க் கட்டுரைகளையும் காட்டி, இது புதிதல்ல என்று வாதிட்டது. 1997இல் அந்தக் காப்புரிமை ரத்தானது. நம் பாட்டிமார் அறிந்ததுதான் என்றாலும், எழுத்துச் சான்றைத் தேடி எடுத்து வைத்ததால்தான் அது செல்லுபடியானது.

பெயர் விவகாரத்தில் நம் நாட்டு வழக்கே உண்டு. கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் சுப்பையா நடத்திய மெக்கறி உணவகத்தின் மீது மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2006இல் உயர் நீதிமன்றத்தில் உணவகம் தோற்றது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டொனால்ட்ஸின் மனுவைத் தள்ளியது. 'மெக்' என்ற முன்னொட்டு ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தமாகிவிடாது என்பது நிலைபெற்றது. ஆனால் அதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன.

நீதிமன்றத்தில் வாதாட வழக்கறிஞர் வேண்டும். காப்புரிமை முகவராகப் பதிவு பெற சட்டப் பட்டம் கட்டாயமில்லை. அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்றவர்கள் மைஐபோவின் தேர்வை எழுதித் தேறலாம். பலர் அறிவுசார் சொத்துரிமை நிறுவனங்களில் பயிற்சியாளராகச் சேர்ந்து, பழைய காப்புரிமைகளைப் படித்தே தொழில் பழகுகிறார்கள். விண்ணப்பங்கள் மலாய் அல்லது ஆங்கிலத்தில் எழுதப்படுவதால், மொழியைப் பிசகில்லாமல் கையாளும் திறன் அறிவியல் அறிவுக்கு நிகராகத் தேவை.

கண்டுபிடிப்பு கையில் உள்ளவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. விண்ணப்பிக்கும் முன் அதைக் கண்காட்சியிலோ முகநூலிலோ வெளியிட்டால், பல நாடுகளில் அது புதியது என்ற தகுதியை இழந்துவிடும். முதலில் முகவரைப் பாருங்கள். ஊருக்குச் சொல்வது பிறகு இருக்கட்டும்.