சம்பளம் வாங்காத கல்லூரி

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் மாதச் சம்பளக்காரர் வீடுகளில் வேறு பேச்சு இராது. பையனுக்கு எங்கே இடம், பெண்ணுக்கு எவ்வளவு பீஸ், சொசைட்டியில் கடன் போடலாமா, வளையலை வைக்கலாமா என்ற கணக்குத்தான். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். அங்கே படிப்புக்குச் சம்பளம் என்று ஒரு காசு வாங்குவதில்லை. 1892-ம் ஆண்டு முதல் இதுதான் வழக்கம். குறைந்த வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம்.

அந்தக் கல்லூரியின் பெயர் பெரியா. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சியா மலைகளின் அடிவாரத்தில் உள்ளது. ஊருக்கும் கல்லூரிக்கும் ஒரே பெயர். மாணவர்கள் சுமார் 1,500 பேர். தனியார் கல்லூரி, அதுவும் சின்னக் கல்லூரி. ஆனால் அங்கே பட்டம் பெற்றுச் சென்றவர்களின் வரலாறு பெரியது.

இனாம் அல்ல

சம்பளம் இல்லை என்றால் சும்மா சோறு என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு மாணவனும், மாணவியும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை செய்தாக வேண்டும். சிலர் சமையல் கூடத்தில், சிலர் பண்ணையில், சிலர் ஆபீசில். துடைப்பம் கட்டுகிறார்கள், தறி நெய்கிறார்கள். 1909-ல் கல்லூரி திறந்த ஓட்டல் ஒன்றும் ஊரில் உண்டு. அங்கேயும் மாணவர்கள் வேலை பார்க்கிறார்கள். இந்த வேலைக்குக் கூலி உண்டு. சாப்பாடு, தங்குமிடம் போன்ற செலவுகளுக்கு அது உதவும். படிப்புச் செலவை, நன்கொடையாக வந்து சேர்ந்த நிதியின் வருமானத்திலிருந்து கல்லூரி ஈடுகட்டுகிறது. துடைப்பம் கட்டுகிறவன் மட்டம், கணக்கு எழுதுகிறவன் உசத்தி என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. எல்லோருமே ஏதோ ஒரு வேலை செய்கிறவர்கள்தானே!

1855-ல் இதைத் தொடங்கியவர் ஜான் ஃபீ என்ற பாதிரியார். அவருடைய தகப்பனார் அடிமைகளை வைத்திருந்தவர். மகனோ அடிமை முறை பாவம் என்று ஊர் ஊராகப் பேசினார். 1859-ல் ஆயுதம் ஏந்திய கூட்டம் ஒன்று வந்து, ஃபீயின் ஆட்களை மாநிலத்தை விட்டே வெளியேற்றியது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறையும் ஒழிந்த பிறகு அவர்கள் மீண்டும் வந்தார்கள். 1866-ல் பள்ளியில் 187 பேர் படித்தனர். அவர்களில் 96 பேர் கறுப்பர். 91 பேர் வெள்ளையர். இரு நிறத்தாரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தனர். அந்தக் காலத்தில் தெற்கே இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதைப் பின்னால் நடந்தது காட்டும்.

சுரங்கத்திலிருந்து வந்தவர்

பெரியாவில் பட்டம் பெற்றவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் கார்ட்டர் உட்சன். 1875-ல் வர்ஜீனியாவில் பிறந்தார். தாயும் தகப்பனும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். தகப்பனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்திரிகை வந்தால் மகன்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

வீட்டு நிலைமையால் உட்சன் வேலைக்குப் போனார். மேற்கு வர்ஜீனியாவில் ரெயில் பாதைக்குக் கட்டை போட்டார். பிறகு நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கினார். அங்கே ஆலிவர் ஜோன்ஸ் என்று ஒரு கறுப்புத் தொழிலாளி இருந்தார். உள்நாட்டுப் போரில் சண்டை போட்டவர். அவர் தம் வீட்டையே டீக்கடை போல நடத்திச் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பழமும் ஐஸ்கிரீமும் விற்றார். அவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் பத்திரிகைகளும் புத்தகங்களும் வாங்கி அடுக்கி வைத்திருந்தார்! உட்சன் படிக்க வேண்டும். ஜோன்சும் மற்றவர்களும் கேட்பார்கள். அதற்குக் கூலி, கடையில் இருப்பதைத் தின்றுகொள்ளலாம். ஒருவர் பேப்பர் படிக்க நாலு பேர் கேட்கும் டீக்கடையை அறியாத தமிழர் உண்டா? தம் இனத்தின் வரலாற்றில் ஆசை பிறந்தது அங்கேதான் என்று உட்சன் பின்னாளில் எழுதினார்.

அவர் ஹைஸ்கூலில் சேர்ந்தபோது வயது 20. இரண்டே ஆண்டில் முடித்தார். பிறகு பெரியாவில் சேர்ந்தார். தொடர்ச்சியாகப் படிக்க வசதியில்லை. கொஞ்ச காலம் படிப்பு, கொஞ்ச காலம் வாத்தியார் வேலை என்று இழுத்து, 1903-ல் பட்டம் வாங்கினார்.

அடுத்து பிலிப்பைன்சில் ஆசிரியர் வேலை. அங்கிருந்தபடியே தபால் மூலம் பாடம் படித்தார். 1908-ல் சிகாகோவில் எம்.ஏ. 1912-ல் ஹார்வர்டில் வரலாற்றில் டாக்டர் பட்டம். அங்கே அந்தப் பட்டம் பெற்ற கறுப்பர்களில் அவர் இரண்டாமவர்.

கறுப்பருக்கு வரலாறு என்று ஒன்று உண்டா என்று படித்தவர்களே கேட்ட காலம் அது. உட்சன் 1915-ல் ஓர் ஆராய்ச்சிச் சங்கம் அமைத்தார். மறு ஆண்டு அதற்கென ஒரு காலாண்டுப் பத்திரிகை தொடங்கினார். 1926 பிப்ரவரியில் நீக்ரோ வரலாற்று வாரம் என்று ஒன்றை அறிவித்தார். அடிமை முறையை ஒழித்த லிங்கனும், அடிமையாகப் பிறந்து தலைவராக உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளசும் பிறந்த நாள் கொண்டாடப்படும் வாரம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். அந்த ஒரு வாரம்தான் 1976-ல் ஒரு மாதமாக வளர்ந்தது. இன்று அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் பிப்ரவரி முழுவதும் கறுப்பர் வரலாற்று மாதம்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாஷிங்டனில் ஆபீசுக்கு மேல் மாடியிலேயே குடியிருந்தார். புத்தகப் பார்சல்களைத் தாமே சுமந்து தபால் ஆபீசுக்குப் போவார். தெருப் பிள்ளைகள் அவரைப் 'புத்தகக்காரர்' என்று அழைத்தார்கள்.

மூடிய கதவு

உட்சன் பட்டம் வாங்கிய மறு ஆண்டு, 1904-ல், கென்டக்கி சட்டசபை ஒரு சட்டம் கொண்டு வந்தது. கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே பள்ளியில் சேர்த்துப் படிக்க வைப்பது குற்றம். மீறினால் 1,000 டாலர் அபராதம். ஒரே நிர்வாகம் இருவருக்கும் பள்ளி நடத்துவதானால் இரண்டுக்கும் இடையே 25 மைல் தூரமாவது இருக்க வேண்டும்! அந்த மாநிலத்தில் அப்படிச் சேர்த்துப் படிக்க வைத்த கல்லூரி பெரியா ஒன்றுதான். ஆக, சட்டம் யாரைக் குறிவைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

கல்லூரி கோர்ட்டுக்குப் போனது. 1908-ல் சுப்ரீம் கோர்ட்டும் மாநிலத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. கல்லூரி என்பது மாநிலம் உரிமை கொடுத்து உண்டான அமைப்பு, ஆகவே மாநிலம் அதைக் கட்டுப்படுத்தலாம் என்றது தீர்ப்பு. இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள். அவர்களில் ஒருவர், கென்டக்கிக்காரரான ஜான் ஹார்லன். கறுப்பு மாணவர்களுக்காகப் பணம் திரட்டி, 1912-ல் வேறு ஊரில் லிங்கன் பள்ளி திறக்கப்பட்டது. பெரியா வெள்ளையர் கல்லூரியாகி விட்டது. நல்லவர்கள் நடத்திய இடம்தான். ஆனாலும் கதவு மூடியே கிடந்தது.

அந்தக் காலத்தில் படித்து முன்னேறியவர்களும் ஏழைப் பிள்ளைகள்தான் என்பதை மறுக்க முடியாது. ஜுவனிட்டா கிரெப்ஸ், கென்டக்கியின் ஹார்லன் வட்டாரத்தில் நிலக்கரி ஊர் ஒன்றில் பிறந்தவர். 1942-ல் பெரியாவில் பட்டம் பெற்றுப் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். 1977-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அவரை வர்த்தக மந்திரி ஆக்கினார். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். தகுதியுள்ள பெண்கள் கிடைப்பது கடினம் என்று கார்ட்டர் சொல்ல, சரியாகத் தேடினால் கிடைப்பார்கள் என்று பக்கத்தில் நின்றபடியே திருத்தினாராம் அம்மையார்.

ஜான் ஃபென் நியூயார்க்கில் பிறந்தவர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அவர் குடும்பத்தின் நிலை சரிந்து, பெரியாவுக்கு வந்து சேர்ந்தது. அங்கேயே படித்து 1937-ல் பட்டம். பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1987-ல் வயது 70 ஆனதும், விதிப்படி ஓய்வு கொடுத்தார்கள். நம்மவர் ஓய்வு பெற்றதும் ஈஸிசேரைத் தேடுவார். ஃபென் விடவில்லை. புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை உடையாமல் எடை பார்ப்பது எப்படி என்ற சிக்கல் விஞ்ஞானிகளை வாட்டி வந்தது. கரைசலை மெல்லிய ஊசி வழியே, மின்னழுத்தம் கொடுத்துச் சாரலாகத் தெளித்தார். துளியின் நீர் காய்ந்துபோக, மூலக்கூறு முழுசாக மிஞ்சியது. மருந்து ஆராய்ச்சிக்கு இது பெரிய வரப்பிரசாதம். 2002-ல் ரசாயன நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. அப்போது வயது 85. அந்தக் கண்டுபிடிப்பின் காப்புரிமை குறித்து யேலுடன் நடந்த வழக்கில் 2005-ல் தோற்றார். பத்து லட்சம் டாலருக்கு மேல் கட்டும்படி கோர்ட்டு உத்தரவிட்டது. நோபல் வாங்கினாலும் நிர்வாகத்தோடு தகராறு தீராது போலும்.

ஃபென்னும் கிரெப்சும் உட்கார்ந்த அதே வகுப்புகளில், உட்சனுக்குப் பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்கள் உட்கார முடிந்திராது.

1950-ல் கென்டக்கி சட்டசபை அந்தச் சட்டத்தைத் திருத்தியது. 46 ஆண்டுகளுக்குப் பின் அந்த ஆண்டே பெரியா மீண்டும் கறுப்பு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. உட்சன் அதே ஆண்டு ஏப்ரல் 3-ந் தேதி, வாஷிங்டனில் தம் ஆபீஸ் மாடியில் காலமானார். 2011-ல் கல்லூரி வளாகத்தில் அவர் பெயரால் ஒரு மையம் திறந்தார்கள்.