ஆகாகான் மாளிகையின் வெளிச்சுவர்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. ஆயினும் சித்திரத்தைப் போற்றும் நாம் சுவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். விமான் நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியமர்ந்துள்ள நம் தமிழ்க் குடும்பங்களுக்கு அண்மையில், நகர் ரோட்டின் ஓரத்தில் நிற்பது ஆகாகான் மாளிகை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம் அது. அதன் வளைவுகளையும் பசும்புல் வெளியையும் கண்டு மகிழ்ந்து திரும்புகிறோம். அம்மாளிகையின் புறச்சுவரைக் காப்பது எத்தகைய பணி என்பதை இவ்விதழில் எண்ணிப் பார்ப்போம். அது நம் சொந்த ஊர் வீடுகளுக்கும் பயன்படும்.

இம்மாளிகையை 1892-ஆம் ஆண்டில் எழுப்பியவர் மூன்றாம் ஆகாகான். அப்பொழுது அவர் பதினாறு அகவையும் நிரம்பாதவர். பஞ்சத்தால் வாடிய சுற்றுப்புற மக்களுக்கு வேலையும் கூலியும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம் என்பர். பத்தொன்பது ஏக்கர் நிலம், இத்தாலிய முறை வளைவுகள், ஐந்து பெருங்கூடங்கள், கட்டடத்தைச் சுற்றிவரும் நடைக்கூடம் என அரச வாழ்வுக்கு உரியதாக அமைந்த இம்மாளிகை, ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சிறையாயிற்று.

1942 ஆகஸ்டு 9-ஆம் நாள் பம்பாயில் கைது செய்யப்பட்ட காந்தியடிகள் இங்குக் கொண்டுவரப்பட்டார். ஆறே நாளில், ஆகஸ்டு 15 அன்று, அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் மாரடைப்பால் இறந்தார். மாளிகை எழுந்த அதே 1892-இல் பிறந்தவர் அவர். 1943 பிப்ரவரியில் அடிகள் இங்கு 21 நாள் உண்ணாநோன்பு நோற்றார். அந்நாட்களில் நம் இராஜாஜியும் வந்து அவரைக் கண்டு உரையாடினார். 1944 பிப்ரவரி 22-இல் கஸ்தூரிபா அன்னையார் இங்கேயே உயிர் நீத்தார். 1913-இல் தென்னாப்பிரிக்காவில் அன்னையார் சிறை புகுந்த அதே அறப்போரில் சிறை சென்றவள் நம் தில்லையாடி வள்ளியம்மை. அவள் மறைந்த நாளும் 1914 பிப்ரவரி 22 தான். முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரே நாளில் மறைந்த இருவரையும் நினைக்கத் தமிழருக்கு இம்மாளிகையினும் பொருத்தமான இடம் வேறு யாது?

1969-இல் நான்காம் ஆகாகான் இம்மாளிகையை நாட்டு மக்களுக்கு நன்கொடையாக அளித்தார். 2003-இல் இந்தியத் தொல்லியல் துறை இதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னமாக ஏற்றது. இத்தகைய சின்னத்தில் ஒரு வாளி வண்ணம் பூசுவதும் துறையினர் ஆராய்ந்து முடிவு செய்ய வேண்டிய செயலாகும். காரணம் என்ன?

பழங்காலக் கட்டடங்களின் சுவர்கள் பெரும்பாலும் செங்கல்லும் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. அவை மூச்சுவிடும் சுவர்கள். மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி, வெயிற்காலத்தில் அதனை வெளியேற்றும். சுண்ணாம்புப் பூச்சு இதற்குத் தடையாகாது. சுட்ட சுண்ணாம்பை நீற்றிப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகவே இறுகுகிறது. ஆனால் அதன்மேல் சிமெண்டையோ பிளாஸ்டிக் பெயிண்டையோ பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். ஈரத்தில் கரைந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, சுவரைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். முதல் ஆண்டில் பளபளக்கும் சுவர், சில மழைக்காலங்களுக்குள் உட்புறம் அரிக்கப்பட்டிருக்கும்.

நிறமும் விருப்பம்போல் தேர்வதன்று. பழைய பூச்சுகளை ஒரு சிறு இடத்தில் அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்தால், எக்காலத்தில் எந்நிறம் இருந்தது என்பது புலப்படும். பழஞ்சின்னங்களைப் பேணுவதற்கென 1964-இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பட்ட சாசனமும் ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நிற்க வேண்டும் என்கிறது. அன்னையார் கண்மூடிய இடத்தைப் புதிய விடுதிபோல் மினுக்கினால், நாம் காத்தது எதை?

இனி நம் வீடுகளுக்கு வருவோம். பிழைப்பின்பொருட்டுப் புனேயில் வாழும் நம்மில் பலருக்குத் தஞ்சையிலோ, செட்டிநாட்டிலோ, நெல்லையிலோ பாட்டனார் கட்டிய வீடு உண்டு. ஆண்டுக்கொருமுறை பணம் அனுப்பி, "நல்ல பெயிண்டாக அடித்துவிடுங்கள்" என்று சொல்லிவிடுகிறோம். அன்பினால் செய்வதே, ஆயினும் அவ்வன்பே வீட்டைச் சிதைக்கக் கூடும். எனவே சில குறிப்புகள்:

முதலில் ஈரம் வரும் வழியை அடைக்க வேண்டும். உடைந்த ஓடு, அடைபட்ட தூம்பு, சுவரில் முளைத்த அரசங்கன்று ஆகியவற்றைச் சரிசெய்யாமல் வண்ணம் பூசுவது வீண்செலவு. சுண்ணாம்புச் சுவரின் விரிசலைச் சுண்ணாம்புச் சாந்தாலேயே நிரப்ப வேண்டும், சிமெண்டு கூடாது. சுவரை நனைத்த பிறகு, வடிகட்டிய சுண்ணாம்பு நீரை மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை அடிக்க வேண்டும். நம்மூரில் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின், பொங்கலுக்குமுன் வெள்ளையடிக்கும் வழக்கம் பொருளற்ற சடங்கன்று. சுவர் உலர்ந்தும் வெயில் தணிந்தும் இருக்கும் பருவம் அதுவே. பழைய கதவு, சன்னல்களின் எண்ணெய் வண்ணத்தில் ஈயம் இருக்கக் கூடும். அதனை உலரத் தேய்த்தால் எழும் தூசு குழந்தைகளுக்கு நஞ்சு. ஆதலால் நனைத்தே சுரண்டுக. புதிய வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என்று 2016-இல் இந்திய அரசு விதி வகுத்துள்ளது.

இவ்வேலை அறிந்த முதிய கொத்தனார்கள் அருகி வருகின்றனர். உங்கள் ஊரில் ஒருவர் இருப்பின் அவரிடமே பணியை ஒப்படையுங்கள். இளைஞர் ஒருவரையும் உடன் நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டோடு தொழிலும் பிழைக்கும்.

அடுத்தமுறை மாளிகைக்குச் செல்லும்போது குழந்தைகளைச் சுவரருகே நிறுத்தி இவற்றைக் காட்டுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் கிறுக்குவோர்க்கு ஈராண்டுச் சிறையோ ஓரிலட்சம் ரூபாய் அபராதமோ அல்லது இரண்டுமோ விதிக்கச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி அன்று, அன்னையார் மீதுள்ள அன்பினால் அச்சுவரைத் தொடாதிருக்க நம் மக்கள் பழகட்டும். நாம் வந்து வாழும் ஊரின் சுவரையும், நாம் விட்டுவந்த ஊரின் சுவரையும் ஒருங்கே பேணுவது நம் கடமையன்றோ!