அடைமொழியின் வால்

தாவர சாஸ்திர நூலொன்றைப் புரட்டும் ஒருவர், குங்குமப்பூவுக்குக் குரோக்கஸ் சடைவஸ் என்றும், நெல்லுக்கு ஒரைசா சடைவா என்றும், வெள்ளைப்பூண்டுக்கு அல்லியம் சடைவம் என்றும் பெயரிட்டிருப்பதைக் கண்டு, அச்சுக் கோப்பவர் ஒரே சொல்லை மூன்று விதமாகச் சிதைத்துவிட்டார் என்று எண்ணினால் அவரைக் குறை கூறுவதற்கில்லை. உண்மையில் பிழை ஏதுமில்லை. பயிரிடப்படுவது என்னும் பொருளுடைய லத்தீன் விசேஷணம், தான் சார்ந்து நிற்கும் பெயர் ஆண்பாலாயின் 'அஸ்' என்றும், பெண்பாலாயின் 'ஆ' என்றும், நபும்சகமாயின் 'அம்' என்றும் தன் வாலை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். நல்ல மகன், நல்ல மகள், நல்ல மரம் என்று 'நல்ல' ஒன்றைக் கொண்டே காரியத்தை முடித்துக்கொள்ளும் நமக்கு இந்த உபத்திரவம் இல்லை. சமஸ்கிருதம் பயின்றவர்களுக்கோ இது பழகிய சங்கதி.

முன்னோர் வாக்கியம் வாக்கியமாக எழுதிவந்த வருணனைகளை ஒதுக்கிவிட்டு, பேரினத்துக்கு ஒரு சொல், சிற்றினத்துக்கு ஓர் அடைமொழி என இரண்டே சொற்களில் நாமகரணம் செய்யும் முறையை, 1753-இல் தாவரங்களுக்கும் 1758-இல் பிராணிகளுக்குமாக ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் நிலைநாட்டியபோது, லத்தீன் இலக்கணமும் உடன் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் ஃபிரிஞ்சில்லா டொமஸ்டிகா என்றழைத்த வீட்டுச் சிட்டுக்குருவியைப் பின்வந்தோர் பாஸர் என்னும் ஆண்பாற் பெயருடைய பேரினத்தில் சேர்த்தார்கள். உடனே அது டொமஸ்டிகஸ் ஆயிற்று. கூரையிடுக்கில் கூடு கட்டிய குருவிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆனால் 'அஸ்' என்று முடிவதெல்லாம் ஆண்பாலே என்று நம்பிச் செல்பவரை மரங்கள் ஏமாற்றிவிடும். வடமொழியில் விருக்ஷம் புல்லிங்கமாயிருக்க, ரோமர்களோ மரங்களின் பெயர்களைப் பெரும்பாலும் பெண்பாலாகவே வழங்கினர். ஆதலால் நம் அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா ஆயிற்றேயன்றி ரிலிஜியோசஸ் ஆகவில்லை. புளியமரத்தின் பெயரான டாமரிண்டஸ் இண்டிகா இதே வழக்கைத் தழுவியதாயினும், அதில் வேறொரு வேடிக்கையும் உண்டு. இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் 'தம்ர் ஹிந்தி' என்னும் அரபுத் தொடரே டாமரிண்டஸ் ஆகத் திரிந்திருக்க, அதன்மேல் இந்தியாவுக்குரியது என்னும் அடைமொழியும் ஏறியதால், ஒரு மரத்துக்கு இருமுறை இந்தியப் பட்டம் கிடைத்துவிட்டது. அதன் பூர்வீகமோ ஆப்பிரிக்கா என்கிறார்கள் தாவர நூலார். எனினும், பொருள் பொருந்தவில்லை என்ற காரணத்துக்காக முறைப்படி இட்ட பெயரை நீக்கலாகாது என்பது நாமகரண விதியாதலால், புளி இன்றும் டாமரிண்டஸ் இண்டிகாதான்.