விறகும் பருவமும்

நுழையும்முன்

உழவுக்குப் பருவம் பார்ப்பதைப் போலவே விறகுக்கும் பருவம் பார்த்தனர் நம் முன்னோர். எரிவாயு அடுப்பு பரவிய பின்னும் சிற்றூர் இல்லங்கள், தேநீர்க் கடைகள், திருமணச் சமையற்கூடங்கள், சுண்ணாம்புக் காளவாய்கள் முதலிய பல இடங்களில் விறகின் தேவை குறையவில்லை. எந்தத் திங்களில் வெட்டிய விறகு நன்கு எரியும், எப்போது வெட்டினால் மரம் மீண்டும் தழைக்கும், அடுப்பின் புகைக்கும் வெட்டிய காலத்திற்கும் என்ன தொடர்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மரத்தினுள் இருக்கும் நீர்

உயிருள்ள மரம் நீரைத் தாங்கி நிற்கும் தூண் போன்றது. வேர் உறிஞ்சும் நீர் நுண்குழாய்களின் வழியே இலைவரை ஏறிச் செல்கிறது. ஆகவே, புதிதாக வெட்டப்பட்ட மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி வரை நீராகவே இருக்கக்கூடும். இவ்வளவு மரத்திற்கு மரம் வேறுபடும்.

இந்நீர் மரத்தில் இரு நிலைகளில் தங்கியிருக்கிறது. செல்களின் உட்குழிகளில் தேங்கி நிற்பது ஒன்று. செல்சுவரோடு பிணைந்து கிடப்பது மற்றொன்று. வெட்டிய மரத்திலிருந்து முதலில் வெளியேறுவது உட்குழி நீரே. அது எளிதாக வெளியேறிவிடும். மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீர் எஞ்சியிருக்கும் நிலையில், சுவரோடு பிணைந்த நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்குகிறது. கட்டையின் இரு முனைகளிலும் வெடிப்புகள் தோன்றுகின்றன. காய்ந்த விறகின் முகப்பில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடும் கோடுகள் இவ்வாறு உண்டானவையே.

ஈர விறகால் வரும் இழப்பு

புதிதாக வெட்டிய 10 கிலோ விறகில் 5 கிலோ நீர் இருப்பதாகக் கொள்வோம். இதை அடுப்பில் இட்டால், நெருப்பு முதலில் அந்நீரைக் கொதிநிலைக்குச் சூடாக்கி, பின்பு ஆவியாக்க வேண்டும். ஒரு கிலோ நீரை அவ்வாறு ஆவியாக்க ஏறத்தாழ 2.6 மெகாஜூல் வெப்பம் வேண்டும். 5 கிலோவுக்கு 13 மெகாஜூல். எஞ்சிய 5 கிலோ மரப்பொருள் தரக்கூடிய வெப்பமோ ஏறத்தாழ 90 மெகாஜூல். அதாவது, ஏழில் ஒரு பங்கு வெப்பம் உலையைச் சேராமல் நீராவியோடு போய்விடுகிறது.

இவ்விழப்பைக் காட்டிலும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. நீர் ஆவியாகும்போது அடுப்பின் வெப்பநிலை தாழ்கிறது. மரத்திலிருந்து வெளிப்படும் வாயுக்கள் முழுமையாக எரிவதற்குப் போதிய வெப்பம் கிடைப்பதில்லை. எரியாத துகள்களும் கார்பன் மோனாக்சைடும் புகையாகச் சமையலறையில் சூழ்கின்றன. ஊதுகுழலோடு அடுப்பின் முன் அமர்ந்திருப்பவரும் அவர் மடியில் இருக்கும் குழந்தையுமே அப்புகையை முதலில் சுவாசிக்கின்றனர். வீட்டினுள் உண்டாகும் காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக நலவாழ்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. புகையில்லா எரிபொருளை ஏழை இல்லங்களுக்குக் கொண்டுசெல்லும் நோக்குடன் இந்திய அரசு 2016ஆம் ஆண்டு மே முதல் நாளில் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கியது. எனினும், உருளை தீர்ந்து அடுத்ததை வாங்கப் பணமில்லாத நாள்களில் பல இல்லங்களில் விறகடுப்பே கைகொடுக்கிறது. அவ்வில்லங்களைப் பொறுத்தவரை விறகின் உலர்வு நலவாழ்வோடு நேரடியாகத் தொடர்புடையது.

பொருளிழப்பும் இதில் அடங்கியுள்ளது. விறகு எடைபோட்டு விற்கப்படும் பொருள். முற்கூறிய 10 கிலோ விறகு, நீர் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும் வரை காய்ந்தால் 6.25 கிலோவாகிவிடும். மழைக்காலத்தில் ஈர விறகை வாங்குபவர், ஏறத்தாழ மூன்றே முக்கால் கிலோ நீருக்கும் விறகின் விலையையே கொடுக்கிறார்.

ஆறு பருவங்களும் வெட்டும் காலமும்

தமிழர் ஓராண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். விறகு வெட்டும் காலத்தைத் தீர்மானிக்க இப்பகுப்பே போதுமானது.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை வடகிழக்குப் பருவமழை தருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அம்மழை, கூதிரையும் முன்பனியின் முற்பகுதியையும் நனைக்கிறது. அக்காலத்தில் வெட்டிய மரம் காய்வதில்லை. காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால், முன்பே காய்ந்த விறகும் திறந்தவெளியில் கிடந்தால் ஈரத்தை மீண்டும் ஈர்த்துக்கொள்ளும், பூஞ்சை படரும்.

மழை ஓய்ந்து வயல் அறுவடையும் முடியும் தை மாத இறுதி முதல் மாசி வரையிலான காலமே வெட்டுவதற்கு ஏற்றது. இதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, உலர்வதற்குக் கிடைக்கும் நீண்ட காலம். மாசியில் வெட்டிப் பிளந்த விறகுக்குப் பங்குனி வெயில், சித்திரைக் கத்திரி, ஆடிக்காற்று என மூன்றும் அடுத்தடுத்துக் கிடைக்கின்றன. வெயில் மரத்தைச் சூடாக்கி ஈரத்தை வெளிக்கொணர்கிறது. காற்று அவ்வீரத்தை அகற்றுகிறது. வெயிலைப் போலவே காற்றும் இன்றியமையாதது என்பதால்தான், ஆடியில் அடுக்கு நன்கு காய்கிறது.

இரண்டாவது, மரத்தின் வளர்ச்சி நிலை. வேம்பு முதலிய மரங்கள் பின்பனியில் இலை உதிர்த்து, இளவேனிலை ஒட்டித் துளிர்க்கின்றன. துளிர்ப்பதற்கு வேண்டிய உணவை மரம் அதற்கு முன்பே வேரிலும் அடிமரத்திலும் சேமித்து வைத்திருக்கும். துளிர் விடுமுன் வெட்டினால், அச்சேமிப்பைக் கொண்டு அடிக்கட்டை மீண்டும் தழைக்கும். துளிர்த்து முடிந்தவுடன் வெட்டினால், சேமிப்பை இழந்து நிற்கும் மரத்திற்கு மறுமுறை தழைப்பது கடினம்.

மூன்றாவது, ஆள்வசதி. அறுவடைக்குப் பின் உழவர்க்கு வயல்வேலை குறைகிறது. நிலமும் உலர்ந்திருப்பதால் வண்டி செல்ல வழி கிடைக்கிறது.

மரத்தைத் தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்னும் வழக்கமும் நாட்டுப்புறத்தில் உண்டு. ஆயினும், விறகைக் காய வைப்பவை வெயிலும் காற்றும் காலமும் ஆகும். இம்மூன்றும் கிடைக்குமாறு வெட்டுவதே முதன்மையானது.

மரத்திற்கு ஏற்ற முறை

சீமைக்கருவேல் வெட்ட வெட்டத் துளிர்க்கும் இயல்புடையது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் இது விறகாகவும், மூட்டம் போட்டுக் கரியாகவும் பயன்படுகிறது. இம்மரத்தை நிலத்திலிருந்து அகற்ற விரும்புவோர் மேற்பகுதியை மட்டும் வெட்டினால் பயனில்லை; அடிக்கட்டையை வேரோடு பெயர்க்க வேண்டும்.

சவுக்கு இதற்கு மாறானது. வெட்டிய அடியிலிருந்து அது நன்கு தழைப்பதில்லை. எனவே, ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் புதிய கன்றுகளை நட வேண்டும். மாசியில் வெட்டி நிலத்தைச் சீர்செய்தால், அடுத்த மழைக்காலத்தில் கன்று நடலாம்.

ஏரிகளின் உட்பகுதியில் வளர்க்கப்படும் கருவேல மரங்களுக்குத் தனி விதி வேண்டும். மழைக்குப் பின் நீர் நிறைந்த ஏரிகளில், இம்மரங்களின் மேல் நாரை, கொக்கு முதலிய நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் இத்தகைய பறவைகளால் புகழ்பெற்றவை. விறகுக்கு ஏற்ற மாசி மாதத்தில் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். ஆதலால், பறவைகள் தங்கும் ஏரி எதுவாயினும், குஞ்சுகள் பறந்து நீர் வற்றும்வரை கோடாரியை எடுக்காதிருப்பதே முறை. சித்திரையில் வெட்டினாலும் ஐப்பசிக்கு முன் ஐந்து திங்கள்களுக்கு மேல் எஞ்சியிருக்கும். சிறிதாகப் பிளந்தால் அக்காலம் போதும். பிறர் நிலத்திலும் புறம்போக்கிலும் வனத்திலும் உள்ள மரங்களை உரிய இசைவின்றி வெட்டுதல் கூடாது.

பிளத்தலும் அடுக்குதலும்

நல்ல பருவத்தில் வெட்டினால் மட்டும் போதாது. மரத்தின் பட்டை நீர் வெளியேறுவதைத் தடுக்கிறது. நீரோ நுண்குழாய்கள் ஓடும் நெடுக்குத் திசையிலேயே எளிதில் செல்கிறது. எனவே, கட்டையை அடுப்புக்கு ஏற்ற நீளத்தில் துண்டாக்கிப் பிளத்தல் வேண்டும். ஈரம் உள்ளபோதே பிளப்பது பெரும்பாலும் எளிது. காய்ந்து இறுகிய கருவேலங்கட்டை ஆப்புக்கும் எளிதில் இடங்கொடாது.

பிளந்த விறகைத் தரையில் பரப்பினால் மண்ணின் ஈரமும் கறையானும் சேரும். கற்களின் மேலோ இரு நீண்ட கட்டைகளின் மேலோ உயர்த்தி, இடையே காற்றுப் புகுமாறு அடுக்க வேண்டும். புரட்டாசிக்குள் அடுக்கின் மேற்புறத்தை ஓலையாலோ தகரத்தாலோ மூட வேண்டும். பக்கங்களையும் மூடிவிட்டால், உள்ளிருந்து வெளிப்படும் ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கிவிடும்.

உலர்வை அறியும் வழிகள்

இரு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால், காய்ந்த விறகு கணீரென்று ஒலிக்கும். ஈர விறகு மந்தமாக ஒலிக்கும். காய்ந்ததன் பட்டை எளிதில் கழலும்; முனைகளில் வெடிப்பு தெரியும். எரிக்கும்போது முனையில் நுரை தள்ளினால் அவ்விறகு இன்னும் காயவில்லை என்பது உறுதி. ஐயமற அறிய விரும்பினால், ஒரு துண்டில் அடையாளமிட்டு வாரந்தோறும் எடைபோடலாம். எடை குறைவது நின்றுவிட்டால், அக்காலநிலையில் அது காயக்கூடிய அளவுக்குக் காய்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

ஓராண்டு முன்னோக்கு

இன்று எரிக்க இன்று வெட்டுபவருக்குப் புகையே மிஞ்சும்; உலை கொதிக்கப் பின்னும் கூடுதலாக மரம் வேண்டும். அடுத்த ஆண்டின் தேவையை எண்ணி இவ்வாண்டு மாசியில் வெட்டுபவருக்குக் குறைந்த விறகிலேயே உலை கொதிக்கிறது, மரங்களும் எஞ்சுகின்றன. அடுத்த தைப்பொங்கலன்று முற்றத்தில் புகையின்றி எரியும் அடுப்புக்கான விறகு, முந்தைய பொங்கல் முடிந்த சில வாரங்களிலேயே வெட்டப்பட்டிருக்க வேண்டும். பருவமறிந்து வெட்டுவோர் மரத்தையும் காக்கின்றனர். அடுப்பின் முன் அமர்வோரின் கண்ணையும் நுரையீரலையும் காக்கின்றனர்.