அல்லியரசாணி: ஏட்டிலும் மேடையிலும் திரையிலும்

“அல்லி இராச்சியம்” என்னுந் தொடரைக் கேளாத தமிழர் அரியர். ஒரு வீட்டிலே மனைவியின் சொல் ஓங்கினாலும், ஒரு பாடசாலைக்குப் பெண்ணொருவர் அதிபராக வந்தாலும், அங்கே அல்லி இராச்சியம் நடைபெறுகின்றது என்று நகைப்பார் உளர். 1960ஆம் ஆண்டில் உலகின் முதற் பெண் பிரதமர் பதவியேற்றது இத்தீவிலேதான்; அதன் பின்னரும் இத்தொடர் வழக்கொழியவில்லை. எனினும், இதனை எடுத்தாள்வோருள் அல்லியின் கதையை முற்ற அறிந்தவர் எத்துணையர் என்பது ஐயமே. ஆடவரைக் கண்டாற் சீறும் கொடுங்கோன்மை உடையாள் ஒருத்தி, பின்னர் அருச்சுனனால் அடக்கப்பட்டாள் என்ற அளவிலே நம்மவர் அறிவு நின்றுவிடுகின்றது. அக்கதை ஏட்டிலும் மேடையிலும் திரையிலும் எவ்வாறு உருமாறி வந்தது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

அல்லியின் கதைக்கு இன்று நமக்குக் கிடைக்கும் தலையாய நூல் ‘அல்லியரசாணி மாலை’ ஆகும். ‘பவளக்கொடி மாலை’, ‘புலந்திரன் களவு மாலை’, ‘ஏணியேற்றம்’ முதலியனவும் இதனோடு ஒரு குடும்பத்தைச் சார்ந்தவை. இவை யாவும் நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் பெயரிலேயே அச்சாகி வந்துள்ளன. நளவெண்பாவின் செறிந்த நடையை அறிந்த எவரும் இவற்றை அவர் கைவண்ணம் என்று ஏற்கமாட்டார். பலர் கூடியிருந்து கேட்க, ஒருவர் இராகமிழுத்துப் படிப்பதற்கென எழுந்த பாடல்கள் இவை. சொன்னதையே திரும்பச் சொல்லும். ஓர் அணிவகுப்பைத் தொடங்கினால் எளிதில் முடிக்காது. ‘பெரிய எழுத்து’ என்ற அடைமொழியோடு மலிவான தாளில் வெளிவந்த இந்நூல்கள், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதியோருக்கும் பெண்களுக்கும் நூலகமாய் விளங்கின. புலவர்கள் இவற்றைத் தீண்டவில்லை, பாடத்திட்டமும் தீண்டவில்லை. ஆயினும், வில்லிபாரதத்தின் ஒரு விருத்தமும் அறியாத வீடுகளில் அல்லியின் பெயர் வழங்கிற்று.

கதையின் போக்கை இங்கே சுருங்கக் கூறுதல் வேண்டும். அல்லி மலரிலே கண்டெடுக்கப்பட்டுப் பாண்டியன் மகளாய் வளர்ந்தவள் அவள். பாண்டியனுடைய நாட்டை நீன்முகன் என்பான் கவர்ந்துகொண்டான். அல்லி அவனை வென்று நாட்டை மீட்டு, மதுரையில் முடிசூடினாள். அமைச்சும் படையும் காவலும் பெண்களே. தீர்த்த யாத்திரையாகத் தெற்கே வந்த அருச்சுனன் அவள்மீது பெருங்காதல் கொள்கின்றான். நேர்முகமாக அணுகின் தலை தப்பாது என்பதறிந்து கண்ணனை நாடுகின்றான். கண்ணன் பாம்பாட்டியாகின்றான், அருச்சுனன் பாம்பாகின்றான். பாம்பின் அழகிலே மயங்கிய அரசி அதனைத் தன் பள்ளியறையில் வைத்துக்கொள்ள, அவள் துயிலும்போது பாம்பு மனிதனாகித் தாலி கட்டிவிடுகின்றது. விழித்தெழுந்தவள் வெகுண்டு படையேவுகின்றாள். ஈற்றிற் கண்ணனின் சூழ்ச்சிகளாலே திருமணம் நிறைவேறுகின்றது; புலந்திரன் என்னும் மகன் பிறக்கின்றான்.

இக்கதை வியாச பாரதத்தில் இல்லை. அங்கே அருச்சுனன் மணலூர்புரத்துச் சித்திரவாகனன் மகள் சித்திராங்கதையை மணக்கின்றான். மகளுக்குப் பிறக்கும் பிள்ளை தன் குலத்துக்கே உரியவன் என்று தந்தை விதிக்கின்றான், அருச்சுனன் உடன்படுகின்றான். வஞ்சனையும் இல்லை, படையெடுப்பும் இல்லை. வில்லிபுத்தூரார் அச்சித்திராங்கதையைப் பாண்டியன் மகளாக்கி அருச்சுனனைத் தமிழ்நாட்டு மருமகனாக்கினார். மற்றொரு சாயல் சைமினி பாரதத்திலே கிடைக்கின்றது. அதிலே பெண்களே வாழும் நாட்டுக்கு அரசியான பிரமீளை, வேள்விக் குதிரையைத் தடுத்து நிறுத்திப் பின்னர் அருச்சுனனுக்கு மனைவியாகின்றாள்.

ஆயினும் அல்லியின் உண்மையான உடன்பிறந்தாள் நமக்கு இன்னும் அணுக்கமானவள். திருவிளையாடற் புராணத்திலே வரும் தடாதகைப் பிராட்டியைச் சிந்திக்க. அவளும் பாண்டியன் மகள். அவளும் இயற்கைக்கு மாறாகத் தோன்றியவள். அவளும் மதுரையில் முடிசூடித் திக்குவிசயஞ் செய்தவள். கயிலையிற் பெருமானைக் கண்ட கணத்திலே அவளது மூன்றாவது தனம் மறைகின்றது. வில்லேந்திய கை தளர்கின்றது. இரண்டு கதைகளுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. ஆனால், தடாதகை கண்விழித்து நின்று கண்ட மாத்திரத்திலே தானே மாறினாள். அல்லியோ துயிலும்போது மாற்றப்பட்டாள். முன்னவளைத் தெய்வமாக்கி ஆண்டுதோறும் பட்டாபிடேகஞ் செய்கின்ற நாம், பின்னவளை நகைமொழியாக்கினோம்.

மதுரையிற் பெண்ணரசு என்னும் நினைவு மிகப் பழையது. கிறித்துவுக்கு முற்பட்ட மெகஸ்தனிசின் செய்திகளைத் தழுவி எழுதிய அரியன் என்பார், ஏராக்கிளிசு என்னும் வீரன் தன் மகள் பண்டையாளுக்கு ஒரு நாட்டையும், 500 யானைகளையும், 4,000 குதிரைகளையும், 1,30,000 காலாட்களையும் கொடுத்தான் என்கின்றார். அவ்விடத்திலேயே, கடலில் முத்தைக் கண்டெடுத்து அவன் அவளுக்கு அணிவித்த செய்தியும் வருகின்றது. பிளினியும் பெண்கள் ஆளும் பாண்டிய இனம் ஒன்றைக் குறிக்கின்றார். யவனர் கேட்ட கதை யாதாயினும், பாண்டியர், பெண்ணரசு, முத்து என்னும் மூன்றும் அன்றே ஒன்றாய்ப் பின்னப்பட்டிருந்தன என்பது தெளிவு. பிற்காலத்தில் இராணி மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை தன் பேரனுக்காக மதுரை நாட்டை ஆண்டாள். அல்லி கதைக்கும் அவளுக்கும் தொடர்பு கூறச் சான்று எதுவுமில்லை. ஆனால், அக்கதையைக் கேட்டுவந்த மதுரை மக்கள் பெண்ணாட்சியைக் கண்ணாற் கண்டவர்கள் என்பதை மறத்தலாகாது.

இனி, நாடகமேடைக்கு வருவோம். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அல்லி கதையையும் பவளக்கொடி கதையையும் மேடைக்கு ஆக்கித் தந்தார். இந்நாடக மரபே கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் இசை நாடகமாக வேரூன்றிற்று. ‘கொட்டகைக் கூத்து’, ‘டிறாமா மோடி’ என்றெல்லாம் நம் முதியோர் அதனை வழங்கினர். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திர மயான காண்டத்தால் அதனை ஊரூராகக் கொண்டு சென்றமை யாவரும் அறிந்ததே. இந்த மேடையின் இயல்பு ஒன்றை ஈண்டு விதந்து கூறல் வேண்டும். ‘ஸ்பெஷல் நாடகம்’ எனப்படும் முறையில் நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து, ஒத்திகையின்றி ஒன்றுகூடுவர். கதை எல்லார்க்கும் தெரியும், பாட்டும் தெரியும், இடைப்பட்ட பேச்சு அவ்வப்போது பிறப்பது. ஆதலின், இராசபாட்டுக்காரரும் ஸ்திரீபாட்டுக்காரரும் எதிரெதிர் நின்று தொடுக்கும் தர்க்கமே நாடகத்தின் உயிர். சபையோர் இரவு விழித்திருப்பதும் அதற்காகவே.

தர்க்கம் என்று வந்துவிட்டால் அல்லிக்கு வாய் கொடுத்தே ஆகவேண்டும். ஏட்டிலே சினந்து படையேவியவள், மேடையிலே நியாயம் பேசுகின்றாள். ஆணின் துணையின்றி நாடாண்டவளுக்குத் தாலி எதற்கு, கள்ளனாய் வந்தவன் கணவனாவது எம்முறை என்று அவள் கேட்கும்போது, அருச்சுனன் சாத்திரத்தையும் ஊழையும் துணைக்கழைக்க நேர்கின்றது. வல்ல நடிகை ஒருத்தி அல்லியாக நின்றால் அருச்சுனன் திணறிப்போவதும் உண்டு. முடிவை மாற்றும் அதிகாரம் அவளுக்கில்லை. விடிவதற்குள் திருமணம் நடந்தே தீரும். ஆனால், நள்ளிரவில் அவள் பெற்ற வெற்றியைச் சபை கைதட்டி ஏற்றுக்கொள்ளும். நெடுங்காலம் ஆடவரே பெண்வேடம் பூண்ட மேடை இது என்பதையும் நினைவிற் கொள்க. ஆண்களை வெறுக்கும் அரசியாய் ஓர் ஆணே நின்று ஆண்குலத்தை வைத காட்சியைக் கண்டு களித்தவர் நம் முன்னோர். கே. பி. சுந்தராம்பாள் முதலாய பெண்கள் ஆண்வேடம் பூண்டபோது அவ்விளையாட்டு மறுபுறந் திரும்பிற்று.

ஆயினும், மேடைமீதும் ஒரு குறை கூறவேண்டும். யான் கண்ட அளவில், நீன்முகனை வென்று நாடு மீட்ட பகுதி மேடையில் ஒரு பாட்டுக்கோ இரண்டு வசனத்துக்கோ சுருங்கிவிடுகின்றது. அஃதொழிந்தால் அவளது சீற்றம் காரணமற்ற சீற்றமாய்த் தோன்றும். தந்தையின் நாட்டை ஓர் ஆடவன் பறிக்கக் கண்டவள், தன் பள்ளியறையையும் ஆடவனுக்கு மூடிவைத்தாள் எனக் கொள்ளின் கதை வேறொரு முகம் பெறுகின்றது.

இதற்கு மேனாட்டிலிருந்து ஓர் ஒப்புமை காட்டலாம். பாரசீகக் கவிஞர் நிசாமி 1197இல் முடித்த ‘ஏழு அழகியர்’ என்னுங் காவியத்திலே, கோட்டைக்குள் தன்னை அடைத்துக்கொண்டு, தன்னைப் பெற விழைந்து தோற்றவர்களின் தலைகளை வாயிலிலே தொங்கவிட்ட இளவரசி ஒருத்தி வருகின்றாள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பிரெஞ்சு மொழியில் பெத்தி த லா குருவா அக்கதையைச் சீனத்து இளவரசி துராந்தோத்தின் கதையாக்கினார். வெனிசு நகரத்துக் கோத்சி 1762இல் அதனை நாடகமாக்கினார்; செருமனியக் கவி சில்லர் அதனைத் தழுவி எழுதிய நாடகம் 1802இல் அரங்கேறிற்று. சில்லரின் அரசி, தான் கொடியவள் அல்லள், தன்னுரிமையோடு வாழவே விரும்புகின்றாள் என்று சபைக்கு எடுத்துரைக்கின்றாள். 1926இல் மிலான் நகரில் அரங்கேறிய புச்சீனியின் இசைநாடகமோ, அவளது முன்னோர் வழியில் வந்த பெண்ணொருத்திக்கு அயல்நாட்டு ஆடவன் இழைத்த கொடுமையை அவள் வன்மத்துக்குக் காரணமாக வைத்தது. அரசியைத் தலைகொய்யும் அரக்கியாக மட்டும் விட்டுவைக்க நல்ல கலைஞர் எவரும் மனங்கொள்ளவில்லை போலும். நம் கதைக்குக் காரணம் நூலுக்குள்ளேயே கிடக்கின்றது. நாம் அதனை எடுத்தாளவில்லை. அன்றியும், துராந்தோத்தை வெல்ல வந்தவன் அவளுடைய புதிர்களை விடுவித்து அறிவால் வென்றான். அருச்சுனனின் வெற்றி உறங்கியவள்மீது பெற்ற வெற்றி. இவ்விடத்திலே பார்த்தனின் வீரத்தைப் போற்றுவது எனக்கு இயலாததாயிருக்கின்றது.

திரைப்படம் அல்லிக்கு மேடையளவு இடங்கொடுக்கவில்லை. 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’ எம். கே. தியாகராச பாகவதருக்கு முதற்படம். கதை, புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்பதிலே தொடங்கும். மகனுக்காகப் பவளம் தேடிச் சென்ற அருச்சுனன், பவளத்தீவிலே பவளக்கொடியைக் கண்டு மணந்துகொள்கின்றான். எஸ். டி. சுப்புலட்சுமி பவளக்கொடியாக நடித்தார். இக்கதையில் அல்லி, காத்திருந்து ஏமாந்த முதல் மனைவியாகி, பொறாமையாற் படையெடுப்பவளாகின்றாள். நாட்டுக்காக வாளெடுத்தவளைச் சக்களத்திச் சண்டைக்கு வாளெடுக்கச் செய்தது பவளக்கொடி மாலையே. பழி முழுவதையும் திரையின்மீது சுமத்துதல் நேர்மையன்று. ஆனால், பாகவதரின் பாட்டுக்காகக் கூட்டங் கூடிய படத்திலே தர்க்கத்துக்கு இடமில்லாமற் போயிற்று. 1949இல் டி. ஆர். மகாலிங்கமும் டி. ஆர். இராசகுமாரியும் நடிக்க மீண்டும் ‘பவளக்கொடி’ வந்தது. மோடேர்ன் தியேட்டர்ஸ் 1957இல் வெளியிட்ட ‘ஆரவல்லி’, அதே பெரிய எழுத்துக் குடும்பத்தைச் சார்ந்த மற்றொரு பெண்ணரசின் கதை. 2002இல் ‘அல்லி அர்ஜுனா’ என்றொரு படம் வந்தபோது பெயர் மட்டுமே எஞ்சியிருந்தது.

வங்காளத்திலே நடந்தது வேறு. இரவீந்திரநாத தாகூர் 1892இல் ‘சித்திராங்கதா’வை நாடகக் காப்பியமாக இயற்றி, 1936இல் அதனை நாட்டிய நாடகமாக்கினார். அவருடைய சித்திராங்கதை ஆண்போல் வளர்க்கப்பட்ட போர்வீராங்கனை. அருச்சுனனைக் கவர்தற்காகக் கடன்வாங்கிய அழகை அவள் ஈற்றிலே களைந்துவிட்டு, தன் இயல்பான உருவோடு அவன்முன் நிற்கின்றாள். அதே சித்திராங்கதையிலிருந்து வளர்ந்த அல்லிக்குத் தமிழிலே அத்தகைய கவி ஒருவர் இதுகாறும் வாய்க்கவில்லை. பெரிய எழுத்து நூலென்று நாம் கொண்ட இளக்காரமே அதற்குக் காரணம் என்பது என் துணிபு.

அல்லிக்கு இத்தீவிலேயே ஒரு கோட்டையும் உண்டு. மன்னார் மாவட்டத்து அரிப்புக் கடற்கரையிலே, தூண்களும் சுவர்களும் இடிந்து கிடக்கும் கட்டடம் ஒன்றை மக்கள் ‘அல்லிராணி கோட்டை’ என்பர். உண்மையில் அஃது இலங்கையின் முதற் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டிய மாளிகை. கிரேக்கப் பாணித் தூண்களால் ‘டொரிக்’ என்று ஆங்கிலேயர் அதனை அழைத்தனர். 1807இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்ட கோர்டினர் அதன் அழகை வியந்துள்ளார். பக்கத்திலுள்ள பழைய அரிப்புக் கோட்டை வேறு. கண்டியிலே சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1679இல் தப்பி வந்து சேர்ந்தது அங்கேதான். இரண்டையும் ஒன்றாக மயங்குவோர் உளர். தெற்கே குதிரைமலையிலும் அல்லிராணி ஆண்டாள் என்று சொல்வர்.

ஆங்கிலேயன் கட்டிய வீடு அல்லிக்கு எவ்வாறு உரியதாயிற்று? முத்துச் சலாபக் காலத்திலே அக்கரையிலிருந்தும் இக்கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் அம்மணற்கரையிற் கூடிக் குடிசையிட்டுத் தங்கினர். அவர்களோடு கதையும் வந்திருத்தல் வேண்டும். முத்துக்கு உரியவள் பாண்டியன் மகள் என்று கேட்டு வளர்ந்தவர்கள், முத்துக் கடலை நோக்கி நின்ற மாளிகைக்கு வேறு எவர் பெயரை இடுவர்? தேசாதிபதியின் பெயரை அவ்வூர் மீனவர் அறியார். கடலரிப்பால் ஆண்டுக்காண்டு சரிந்து வருகின்ற அச்சுவர்களைச் சுட்டி, இதிலிருந்துதான் அல்லிராணி படகுகளை எண்ணினாள் என்றே சொல்வார்கள்.